மூன்றாவது துண்டு

ஜனவரி 9

அன்புள்ள அண்ணிக்கு,

நாங்கள் இருவரும் நலம். நீங்கள் சாப்பிடுகிறீர்களா, தூங்குகிறீர்களா என்று கேட்டால் பதில் வராது என்பதால் கேட்கவில்லை. உங்கள் கவர் திங்கட்கிழமை வந்தது, பார்சல் மறுநாள் வந்தது. இரண்டையும் சாப்பாட்டு மேஜையில் வைத்துவிட்டு நானும் என் வீட்டுக்காரரும் எதிரெதிரே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தோம்.

போன மாதம் போனில் பேசியபோது இதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லையே என்று முதலில் கோபம் வந்தது. அப்புறம்தான் ஞாபகம் வந்தது, நாம் எங்கே பேசினோம்? நான் "அண்ணி" என்றேன், நீங்கள் "ம்" என்றீர்கள், இருவரும் அழுதுவிட்டுப் போனை வைத்துவிட்டோம். இனிமேல் நானும் கடிதமே எழுதுகிறேன். கடிதத்தில் அழுதால் உங்களுக்குத் தெரியாது.

கவரில் இருந்த அனுமதி விண்ணப்பத் தாளை மூன்று முறை படித்தேன். அப்பா அண்ணனுக்கும் எனக்குமாக எழுதிவைத்த நிலம், அதனால் என் கையெழுத்து வேண்டும். அது வரைக்கும் புரிகிறது. அதற்குப் பிறகு வருவதுதான் புரியவில்லை. "தரையில் கூடு கட்டும் பறவைகளின் வாழிட மேம்பாட்டுக்காக, மூன்றாவது துண்டைக் கட்டுப்படுத்தப்பட்ட முறையில் எரித்தல்" என்று இருக்கிறது. என் வீட்டுக்காரர் அதைச் சத்தமாகப் படித்துவிட்டு, "வீட்டை நல்லாக்கணும்னு வீட்டுக்கே தீ வைக்கிறாங்களா?" என்று கேட்டார். லிஃப்ட் ரிப்பேர் பார்க்கிறவர் அவர், எதையும் கழற்றிப் பார்த்தால் புரிந்துவிடும் என்று நினைக்கிறவர். அவரே கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டார்.

இதற்கு முன்பும் அண்ணன் இப்படித் தாள் அனுப்பியிருக்கிறான், நான் மறுக்கவில்லை. அவன் நீட்டிய எதையும் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடும் பழக்கம் எனக்கு இருந்ததில்லை. நிலத்தைச் சுத்தம் பண்ணுகிறேன் என்றுதான் சொன்னான். மண்வெட்டியும் கடப்பாரையுமாகச் சுத்தம் பண்ணுகிறான் என்று நானும் நினைத்துக்கொண்டேன். தீ வைக்கிறான் என்று யார் கண்டது?

அடுத்தது அந்தப் பார்சல். நான் வேலை பார்க்கும் கடைக்கு எடுத்துப்போய்ப் பிரித்ததும் கடை முழுக்கப் புகை வாசம். எங்கள் டிரை கிளீனிங் முதலாளி உள்ளேயிருந்து ஓடிவந்து, "எந்த மெஷின் கருகுது?" என்று கத்தினார். பார்த்தால் ஒரு மஞ்சள் கோட்டு. கித்தான் துணியில், பெரிய பெரிய பையோடு. அண்ணனுக்கு மஞ்சளே பிடிக்காதே, இது எப்போது வாங்கினான்? கூடவே உங்கள் துண்டுச் சீட்டு: "கை நீளத்தைக் குறை. உடம்பையும் பிடித்துக் கொடு. எனக்குத்தான்." அவ்வளவுதான். அவன் போய் இன்னும் ஒரு வருஷம் ஆகவில்லை, அண்ணி. அவன் கோட்டை உங்கள் அளவுக்கு வெட்டச் சொல்கிறீர்கள், அவன் நிலத்தைக் கொளுத்தக் கையெழுத்துக் கேட்கிறீர்கள். நான் என்னவென்று நினைத்துக்கொள்வது?

இங்கே மாடி அறை காலியாகத்தான் இருக்கிறது. ஜன்னலைத் திறந்தால் எதிர் வீட்டுச் சுவர், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பேச ஆள் இருக்கும். அண்ணன் சொன்ன மாதிரி நான் வாயாடிதான், உங்களுக்கும் சேர்த்து நானே பேசிக்கொள்வேன்.

பதில் போடுங்கள். ஒரு வரியில் அல்ல.

உங்கள் நாத்தனார்


ஜனவரி 20

நாத்தனாருக்கு,

நலம். சாப்பிடுகிறேன். தூக்கத்தைப் பற்றிக் கேட்காதே.

ஒரு வரியில் எழுதக் கூடாது என்கிறாய். எனக்கு விளக்கத் தெரியாது, அவர்தான் விளக்குவார். ஆனாலும் முயன்று பார்க்கிறேன்.

நிலத்தை உன் அண்ணன் மூன்று துண்டாகப் பிரித்திருந்தார். வருஷத்துக்கு ஒரு துண்டு எரிப்பது. மற்ற இரண்டும் அப்படியே நிற்கும், எரிகிற துண்டில் இருக்கும் உயிர்கள் அங்கே போய் ஒதுங்கிக்கொள்ளும். முதல் துண்டு முடிந்தது, இரண்டாவது போன வருஷம் முடிந்தது. மூன்றாவது இந்த வருஷம். அதுதான் அடுக்களை ஜன்னலுக்கு எதிரே இருக்கிறதே, ரோட்டுக்குப் போகிற பக்கம், அது.

ஏன் எரிக்க வேண்டும் என்றால், புல் காய்ந்து சாய்ந்து ஒன்றின் மேல் ஒன்றாகப் படுத்துக்கொள்கிறது. வருஷா வருஷம் படுத்துப் படுத்து மெத்தை மாதிரி ஆகிவிடுகிறது. அதன் மேல் நீயும் நானும் நடக்கலாம், அதற்குள்ளே ஒரு காடைக் குஞ்சு நடக்க முடியாது. காடைக் குஞ்சு என் கட்டைவிரல் அளவுதான் இருக்கும். எரித்துவிட்டு ஒரு மழை பெய்தால் புல் தூர் தூராக முளைக்கிறது. தூருக்கும் தூருக்கும் நடுவே வெறும் மண். குஞ்சு ஓட வழி, கொத்தப் பூச்சி, மேலே மறைத்துக்கொள்ள இலை. இது நான் சொல்வதல்ல, பறவைக் கணக்கு எடுக்க ஒரு பெண் வருவாள், அவள் சொல்வது. முதல் துண்டில் முன்பெல்லாம் காடைச் சத்தமே கிடையாது. இப்போது விடிந்தால் அங்கேயிருந்துதான் கேட்கிறது.

மூன்றாவது துண்டில் முள்ளுச் செடி இடுப்புக்கு வந்துவிட்டது. இந்த வருஷமும் விட்டால் புல்லையும் தாண்டிவிடும், அதன் நிழலில் புல்லே இருக்காது. குருவிகள் கூடு கட்ட ஆரம்பிப்பதற்கு முன்பு எரித்தாக வேண்டும். முட்டை வைத்துவிட்டால் தீயை நினைக்கவே கூடாது.

உனக்குப் புரியவில்லை என்றால் தப்பில்லை. அவர் முதல் துண்டை எரித்த அன்று நான் கதவு ஜன்னலெல்லாம் சாத்திவிட்டு உள்ளே உட்கார்ந்திருந்தேன். இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. கறுத்துப்போன தரையைக் காட்டி, "இதுக்குத்தான் என்னை இங்க கூட்டிட்டு வந்தீங்களா?" என்று கேட்டேன். "கொஞ்சம் பொறேன்," என்றார். பொறுத்தேன், பச்சை வந்தது. பொறுத்ததற்காக ஒரு நாளும் என்னைப் பாராட்டியதில்லை.

கோட்டு எதற்கென்றால், தீ வைக்கிறவர்கள் போடுவது. சட்டென்று பற்றாத துணி. அதைப் போட்டால் கை என் விரலுக்குக் கீழே தொங்குகிறது. தொங்குகிற கையோடு தீ டப்பாவைப் பிடித்தால் ஆபத்து. வேறு அர்த்தம் எதுவும் இல்லை.

மாடி அறைக்கு நன்றி. எதிர் வீட்டுச் சுவரை வேறு யாராவது பார்த்துக்கொள்ளட்டும். உன் வீட்டுக்காரரைக் கேட்டதாகச் சொல்.

கையெழுத்துப் போட்டு அனுப்பு.

அண்ணி


பிப்ரவரி 2

அன்புள்ள அண்ணிக்கு,

இவ்வளவு நீளமாக நீங்கள் எழுதி நான் பார்த்ததே இல்லை. காடைக் குஞ்சு கட்டைவிரல் அளவு என்று படித்ததிலிருந்து என் கட்டைவிரலை நானே பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஆனால் கையெழுத்துப் போடவில்லை. கோபப்படாமல் மேலே படியுங்கள்.

எனக்கு யாரிடமாவது கேட்டால் தேவலாம் போலிருந்தது. எங்கள் தெருக்கோடியில் தீயணைப்பு நிலையம் இருக்கிறது. நம் கடையில்தான் அவர்கள் யூனிஃபார்ம் தேய்ப்பது, அந்த உரிமையில் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் நேரே உள்ளே போய்விட்டேன். அதிகாரி ஒருவர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

"சார், எங்க அண்ணி எங்க நிலத்துக்குத் தீ வைக்கப் போறாங்க," என்றேன்.

அவர் துள்ளி எழுந்துவிட்டார். "எங்க? எப்ப?"

"இங்க இல்ல சார், ரொம்ப தூரம். அடுத்த மாசம். காடைக்காக."

"காடையைப் பிடிக்கவா?"

"இல்ல சார், காடை நல்லா இருக்கணும்னு."

அவர் திரும்ப உட்கார்ந்து, என்னை மேலும் கீழும் பார்த்தார். "ஏம்மா, நீங்க புகார் குடுக்க வந்தீங்களா, பர்மிஷன் வாங்க வந்தீங்களா?" என்று கேட்டார். எனக்கே தெரியவில்லை, சார் என்றேன். பாவம், தண்ணீர் கொடுத்து உட்கார வைத்தார். தாளை வாங்கிப் படித்தார். "முறையாத்தான் இருக்கு. தீ வைக்கிறது தப்புதான், ஆனா இது தப்பில்ல. காஞ்சதெல்லாம் சேந்து கெடந்து தானா பத்திக்கிச்சின்னா அது யார் பேச்சையும் கேக்காது," என்றார். அப்படியென்றால் கையெழுத்துப் போடலாமா என்று கேட்டேன். "அது உங்க குடும்ப விஷயம்மா," என்று சொல்லிவிட்டுப் பேப்பரை எடுத்துக்கொண்டார். போனபோது ஒரு குழப்பம்தான் இருந்தது, திரும்பும்போது இரண்டாகிவிட்டது.

சரி, அறிவுக்குப் புரிகிறது என்றே வைத்துக்கொள்வோம். ஆனால் அண்ணி, அவன் இருக்கையில் நான் கடைசியாக அங்கே வந்திருந்தபோது அண்ணன் எங்கே நின்றுகொண்டிருந்தான் தெரியுமா? அந்த மூன்றாவது துண்டில்தான். புல் அவன் நெற்றிவரை இருந்தது. பஸ்ஸை விட்டு இறங்கி நான் தேடுகிறேன், ஆள் தெரியவில்லை, தொப்பி மட்டும் புல்லுக்கு மேலே நகர்ந்து வருகிறது. நான் சிரித்த சிரிப்பில் பஸ் கண்டக்டர் திரும்பிப் பார்த்தார். அவனைப் பற்றி யோசித்தால் எனக்கு முதலில் வருவது அந்தத் தொப்பிதான். மற்ற இரண்டு துண்டையும் எத்தனை முறை வேண்டுமானாலும் எரித்துக்கொள்ளுங்கள். அந்த ஒன்றை விட்டுவிடக் கூடாதா? காடைகளுக்கு இருக்கிற இடம் போதாதா?

இதை எழுதக் கூடாது என்று வீட்டுக்காரர் சொன்னார், எழுதாவிட்டால் எனக்கு வெடித்துவிடும். அந்த மனுஷன் இருந்த சுவடே இல்லாமல் பண்ணிவிட உங்களுக்கு ஏன் இவ்வளவு அவசரம்? கோட்டை வெட்டு, புல்லைக் கொளுத்து. அடுத்தது என்ன?

கோட்டைப் பார்சல் பண்ணி அனுப்பியிருக்கிறேன். வெளுத்துப் பார்த்தேன், புகை வாசம் போகவில்லை. முதலாளி திட்டினார், போகட்டும். கை நீளத்தையும் உடம்பையும் சரி பண்ணிவிட்டேன். ஆனால் கத்தரி வைக்கவில்லை, எனக்கு வரவில்லை. உள்ளே மடித்து மடித்துத் தைத்திருக்கிறேன். தையலைப் பிரித்தால் பழைய அளவு வந்துவிடும். கொஞ்சம் கனமாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கோபத்தோடும் அன்போடும்,
நாத்தனார்


பிப்ரவரி 12

நாத்தனாருக்கு,

கோட்டு வந்தது. தையல் நன்றாக இருக்கிறது. யாருக்காகப் பழைய அளவை உள்ளே மடித்து வைத்தாய் என்று உன்னைக் கேட்க மாட்டேன். கேட்டால் நீயும் அழுவாய், நானும் அழுவேன், அதற்குப் போனே போதும்.

நீ கேட்ட கேள்விக்கு மூன்று நாளாகப் பதில் எழுதிக் கிழித்துக்கொண்டிருக்கிறேன். என்ன அவசரம் என்று கேட்டாய். எனக்கும் தெரியவில்லை என்பதுதான் உண்மை. ஒரு நாள் காடைகளுக்காக என்று தோன்றுகிறது. ஒரு நாள் அவர் ஆரம்பித்ததை முடிக்க என்று தோன்றுகிறது. இந்த இரண்டையும் மற்றவர்களிடம் சொல்கிறேன், அவர்களும் தலையாட்டுகிறார்கள். மூன்றாவதாக ஒன்று இருக்கிறது, அதை உனக்கு மட்டும் எழுதுகிறேன்.

நீ பார்த்தது தொப்பி வருவதை. நான் பார்த்தது போவதை. அன்றைக்குக் காலையில் குழாய்க்கு ஒரு வாஷர் வாங்க டவுனுக்குப் போகிறேன் என்று கிளம்பினார். சுற்றி வராமல் வழக்கம் போல அந்தப் புல்லுக்குள்ளேயே நடந்து ரோட்டுக்குப் போனார். நான் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டு பாத்திரம் தேய்த்தேன். கொஞ்ச தூரம் தொப்பி தெரிந்தது, அப்புறம் தெரியவில்லை. மத்தியானம் ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. பஸ் ஸ்டாப்பில் விழுந்துவிட்டார், நெஞ்சு வலி என்றார்கள். போனேன், பார்த்தேன், நீயும் வந்து சேர்ந்தாய். ஆனால் ஆஸ்பத்திரியில் பார்த்தது எனக்கு ஞாபகத்தில் நிற்பதில்லை. புல்லுக்குள் போனதுதான் நிற்கிறது.

தினமும் அந்தப் புல் அசைகிறது. அசைந்ததும் கையிலிருப்பதைப் போட்டுவிட்டு நிமிர்கிறேன். காற்றாக இருக்கிறது, இல்லையென்றால் முயலாக இருக்கிறது. திரும்பக் குனிகிறேன், திரும்ப அசைகிறது. போன வாரம் இரண்டு தட்டு உடைந்தது. எனக்குக் களைப்பாக இருக்கிறது, அவ்வளவுதான். சுவடே இல்லாமல் பண்ண அவசரப்படுகிறேன் என்று நீ எழுதியதைப் படித்ததும் உன்மேல் வந்த கோபத்தில் இன்னொரு தட்டையும் நானே உடைத்தேன்.

பறவைக் கணக்குப் பெண் வந்துவிட்டுப் போனாள். காடைகள் ஜோடி சேர ஆரம்பித்துவிட்டனவாம். அடுத்த மாதம் பத்தாம் தேதி தாண்டினால் இந்த வருஷத்துக்கு இல்லை என்றாள். உன்னைக் கெஞ்ச மாட்டேன். போடுகிறாயா இல்லையா என்று மட்டும் எழுது.

அண்ணி


பிப்ரவரி 21

அன்புள்ள அண்ணிக்கு,

கையெழுத்துப் போட்டுவிட்டேன். தாள் இதோடு இருக்கிறது. எழுத்துக் கோணிவிட்டது, இது என் கையெழுத்தே இல்லை என்று அலுவலகத்தில் சொன்னால் என்னைக் கூப்பிடுங்கள், அவர்கள் எதிரிலேயே கோணலாக இன்னொன்று போட்டுக் காட்டுகிறேன்.

புரிந்துகொண்டு போட்டேன் என்று நினைக்காதீர்கள். உங்கள் கடிதத்தைக் கடையில்தான் படித்தேன். படித்துவிட்டு ஒரே சட்டையை மூன்று தடவை தேய்த்திருக்கிறேன், முதலாளி வந்து கையிலிருந்து இஸ்திரிப் பெட்டியை வாங்கி வைத்தார். பின்பக்கம் போய் நீராவிக் குழாய்க்குப் பக்கத்தில் நின்று அழுதேன். அங்கே நின்றால் முகம் எப்படியும் ஈரமாகத்தான் இருக்கும், யாரும் கேட்க மாட்டார்கள்.

எனக்கு அந்தப் புல்லில் அவன் வருகிறான், உங்களுக்குப் போகிறான். நான் வருஷத்துக்கு ஒரு தடவை வந்து பார்க்கிறவள், நீங்கள் தினமும் பாத்திரம் தேய்க்கிறவர். யார் பேச்சு செல்ல வேண்டும் என்று யோசித்துப் பார்த்தேன். அதற்காகக் கொளுத்துவதுதான் சரி என்று எனக்குத் தோன்றிவிட்டது என்று இல்லை. காலையில் சரி என்று படுகிறது, படுக்கப் போகும்போது ஐயோ என்று இருக்கிறது. இன்று காலையிலேயே தபாலில் போட்டுவிட வேண்டும், சாயங்காலம் வரை வைத்திருந்தால் கிழித்துவிடுவேன்.

தட்டு உடைந்ததற்கு நான் காரணம் என்றால் மன்னித்துவிடுங்கள். வரும்போது வாங்கி வருகிறேன், எவர்சில்வரில்.

மூக்கையும் வாயையும் ஈரத் துணியால் கட்டிக்கொள்ளுங்கள். காற்றுக்கு எதிரே போய் நிற்காதீர்கள். நைலான் புடவை கட்டாதீர்கள், சலவைக்கடைக்காரி சொல்கிறேன், அது உருகி உடம்போடு ஒட்டிக்கொள்ளும். முடிந்த அன்றைக்கே எப்படி இருந்தது என்று எழுதுங்கள். நான் இங்கே மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

வீட்டுக்காரர் உங்களுக்கு வணக்கம் சொல்லச் சொன்னார். கொளுத்தி முடித்த பிறகும் தரையைத் தொட்டுத் தொட்டுப் பார்க்கச் சொன்னார், உள்ளே சூடு இருக்குமாம். எங்கிருந்து தெரிந்துகொண்டார் என்றால், அவரும் எனக்குத் தெரியாமல் தீயணைப்பு நிலையத்துக்குப் போய்க் கேட்டுவிட்டு வந்திருக்கிறார்.

உங்கள் நாத்தனார்


மார்ச் 3

அன்புள்ள வாயாடிக்கு,

எரிக்கவில்லை.

எப்படி எழுதுவது என்று தெரியவில்லை, நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

நேற்றுக் காலை எல்லாரும் வந்துவிட்டார்கள். பறவைக் கணக்குப் பெண், டிராக்டர்காரர், அவரோடு வேலை செய்கிற நாலு பேர். துண்டைச் சுற்றிலும் முதல் நாளே புல்லை ஒட்ட வெட்டி உழுது வைத்திருந்தோம், தீ தாண்டாமல் இருக்க. டிராக்டரில் தண்ணீர்த் தொட்டி, நனைத்த சாக்குகள், எல்லாம் தயார். காற்றும் அவர்கள் கேட்ட மாதிரியே மெதுவாக, வீட்டிலிருந்து ரோட்டுப் பக்கமாக அடித்தது. தீயணைப்பு நிலையத்துக்குச் சொல்லியாகிவிட்டது. நான் கோட்டைப் போட்டுக்கொண்டேன். கனமாகத்தான் இருந்தது.

தீ டப்பா என்றால் மூக்கு நீண்ட தகர டப்பா. உள்ளே டீசலும் பெட்ரோலும் கலந்து இருக்கும், மூக்கின் நுனியில் திரி எரியும், சாய்த்தால் தீயாகச் சொட்டும். மூலையில் கொஞ்சம் சொட்டிப் பார்த்தோம். புகை நேராக எழும்பிச் சாய்ந்து ரோட்டைத் தாண்டிப் போனது. "அருமையா இருக்கு, இன்னிக்கு விட்டா கெடைக்காது," என்றாள் அந்தப் பெண். அந்த மூலையை அணைத்துவிட்டு அடுத்த வேலைக்குப் போனோம்.

அடுத்த வேலை, தீ வைப்பதற்கு முன்பு ஒரு ஆள் உள்ளே நடந்து சத்தம் போட வேண்டும். முயல், பாம்பு, பறவை எது இருந்தாலும் கிளம்பிப் போகட்டும் என்று. கையைத் தட்டிக்கொண்டு, கத்திக்கொண்டு, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை போக வேண்டும். எப்போதும் உன் அண்ணன்தான் போவார். என்னென்னமோ பாட்டெல்லாம் பாடுவார், ஒன்றும் சுதியில் இருக்காது. நேற்று யார் போவது என்று டிராக்டர்காரர் கேட்டார். நான் போகிறேன் என்றேன்.

புல்லுக்குள் போனதும் தலைக்கு மேலே வானம் மட்டும்தான் தெரிந்தது. கையைத் தட்டினேன். ஒரு முயல் ஓடியது. ஹோ ஹோ என்று கத்திக்கொண்டே போனேன். பாதித் தூரம் போயிருப்பேன். அப்போது என் வாயிலிருந்து வந்தது ஹோ இல்லை. "ஏங்க, வெளிய வாங்க," என்று வந்தது.

என்ன கத்தினேன் என்று எனக்கே உடனே தெரியவில்லை. நின்றேன். திரும்பவும் அதேதான் வந்தது. "ஏங்க, வெளிய வாங்க. கொளுத்தப் போறாங்க, வாங்க." சத்தமாகக் கத்தியிருக்கிறேன். வெளியே இருந்த எல்லாருக்கும் கேட்டிருக்கிறது. எவ்வளவு நேரம் கத்தினேன் என்று தெரியாது. டிராக்டர்காரர் உள்ளே வந்து என் கையைப் பிடித்து, "அம்மா, வாங்க போலாம்," என்றார். "அவரு வரட்டும்," என்று நான் சொன்னேனாம். அந்தப் பெண்தான் அப்புறம் சொன்னாள்.

வெளியே வந்ததும் டப்பாவை என் கையில் கொடுத்தார்கள். நான் கீழே வைத்துவிட்டேன். எல்லாரும் போங்கள் என்று சொன்னேன். யாரும் ஒன்றும் கேட்கவில்லை, திரியை அணைத்துவிட்டுப் போய்விட்டார்கள். கேட்டிருந்தால் கூடத் தேவலாம். அந்தப் பெண் மட்டும் கிளம்பும்போது, "காத்து இன்னும் ஒரு வாரம் இப்படியே இருக்கும்மா," என்று மெல்லச் சொன்னாள்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவர் இல்லை என்று எனக்குத் தெரியும். தெரியாமலா தினமும் ஒரே ஒரு தட்டு வைத்துச் சாப்பிடுகிறேன்? உன்னோடு சண்டை போட்டு, தட்டை உடைத்து, உன்னை அழவைத்து ஒரு கையெழுத்து வாங்கினேன். இப்போது நான் பின்வாங்குகிறேன். எரிக்காமல் விட்டால் அவர் செய்தது பாழாய்ப் போகும், காடைக்கு இடமில்லாமல் போகும், எனக்கும் அந்த ஜன்னலை விட்டு விடிவில்லை. எரித்தால், உள்ளே ஒருத்தரை வைத்துக் கொளுத்துகிற மாதிரி இருக்கிறது. பைத்தியம் பிடித்துவிட்டதா எனக்கு? நீ முதலில் வேண்டாம் என்றாய், அப்போதே கேட்டிருக்க வேண்டும். உன் தாளைக் கிழித்துவிடட்டுமா? நீ சொல்கிறபடி செய்கிறேன்.

அண்ணி


மார்ச் 6

அண்ணி,

கிழிக்காதீர்கள்.

இதைத் தபாலில் போட்டால் எனக்குப் பிறகுதான் வந்து சேரும், அதனால் இன்று கிளம்பும் பஸ்ஸின் டிரைவரிடம் கொடுத்தனுப்புகிறேன். நாளைக் காலை பஸ்ஸில் நான் வருகிறேன். லீவு சொல்லிவிட்டேன். முதலாளி எதற்கு என்று கேட்டார், நிலத்துக்குத் தீ வைக்க என்றேன், அதற்கு மேல் அவர் கேட்கவில்லை. அந்தப் பெண்ணுக்கும் டிராக்டர்காரருக்கும் சொல்லிவிடுங்கள், நாளை மறுநாள் வரட்டும்.

உங்களுக்குப் பைத்தியமெல்லாம் பிடிக்கவில்லை. பிடித்திருந்தால் எனக்கும்தான் பிடித்திருக்கிறது. நீங்கள் எழுதியதைப் படித்ததும் எனக்கு முதலில் என்ன தோன்றியது தெரியுமா? அவன் பதில் சொன்னானா என்று தோன்றியது. அடுத்த வரிக்கு ஓடினேன். ஐம்பது வயதாகிறது எனக்கு, ஆஸ்பத்திரியில் அவன் காலைத் தொட்டுப் பார்த்தவள் நான், அடுத்த வரிக்கு ஓடுகிறேன்.

வேண்டாம் என்று சொன்னவளும் நான், சரி என்று சொன்னவளும் நான். எது சரி என்று இப்போதும் கேட்காதீர்கள். ஒன்று மட்டும் தெரிகிறது, நீங்கள் தனியாகப் போயிருக்கக் கூடாது. ஒரு ஆள் போய்ப் பார்த்துவிட்டு வந்தால் சந்தேகம் இருக்கத்தான் செய்யும்.

நீங்கள் வீட்டுப் பக்கத்திலிருந்து நடந்து வாருங்கள். நான் ரோட்டுப் பக்கத்திலிருந்து வருகிறேன். நீங்கள் கூப்பிட்ட மாதிரியே கூப்பிடுங்கள், யார் கேட்டாலும் கேட்கட்டும். நானும் அண்ணா அண்ணா என்று கத்திக்கொண்டு வருவேன், என் தொண்டை உங்களுக்குத் தெரியும், ஊருக்கே கேட்கும். புல்லை விலக்கி விலக்கிப் பார்த்துக்கொண்டே வருவோம், அவசரமில்லை. நடுவில் எங்கேயாவது ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வோம். உள்ளே யாரும் இல்லை என்று இரண்டு பேரும் பார்த்துவிட்டு, வெளியே வந்து கொளுத்துவோம்.

உங்கள் நாத்தனார்